செடி தன் விஷத்துல தானே ஏன் சாகறதில்ல? அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் காட்பாடி பக்கம் பாட்டனி சொல்லிக் குடுக்குறவ. லேப்ல பசங்க கேக்குறாங்க, அணைக்கட்டு ஒடுகத்தூர்ப் பக்கம் போனா சொந்தக்காரங்க வயல் வரப்புல நிக்க வெச்சு கேக்குறாங்க, வீட்ல நாத்தனார் கத்திரிக்காய் நறுக்கிக்கிட்டே கேக்குறாங்க. சுத்திச் சுத்தி எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். பூச்சி, பூஞ்சை, ஆடு மாடுகிட்டருந்து தப்பிக்க செடி தனக்குள்ளயே கெமிக்கல் செஞ்சு வெச்சிருக்கே, அது செடியோட செல்லுக்குள்ள இன்னா பண்ணுது? வந்த கேள்விங்களை இங்க ஒண்ணா போட்டுட்டேன், வரிசை எல்லாம் பாக்காதீங்க.

விஷத்தை செடியே செய்யுதுன்னா அது செடியை ஏன் கொல்லல?

குடியாத்தம் தீப்பெட்டியை எடுத்துப் பாருங்க. குச்சி முனையில ஒரு மருந்து, பெட்டி ஓரத்துல வேற மருந்து, ரெண்டும் தனித்தனியா இருக்குற வரைக்கும் சட்டைப் பையில போட்டுக்கிட்டு சுத்தலாம், உரசினாதான் நெருப்பு. நிறைய செடிங்க விஷத்தை இப்படித்தான் வெச்சிருக்கு, அதாவது விஷமா வெக்கறதில்ல, விஷத்துக்கு முந்தின நிலையில ஒரு சர்க்கரையைக் கட்டி அடக்கி, வேக்குவோல்னு செல்லுக்குள்ள இருக்குற சேமிப்புப் பைக்குள்ள போட்டுடும், அந்தச் சர்க்கரையை வெட்டி விடுற என்சைம் வேற அறையிலயோ பக்கத்து செல்லுலயோ இருக்கும். புழு கடிச்சாலோ மாடு மென்னாலோ செல் கிழிஞ்சு ரெண்டும் கலந்துடும், விஷம் அப்பத்தான் பொறக்குது, அதுவும் கடிச்சவன் வாய்க்குள்ள.

இது ஒரு வழிதான். சில செடியில அந்த விஷம் போய்த் தாக்குற பாகமே கிடையாது. சிலதுல பாகம் இருக்கும் ஆனா வடிவம் கொஞ்சம் மாத்தி இருக்கும், விஷம் போய் ஒட்டாது. இன்னும் சிலது உள்ளயே வெச்சுக்காம இலைக்கு மேல ரோமத்துலயோ மெழுகுலயோ எண்ணெய்ப் பையிலயோ கொண்டு போய் வெச்சிடும். ஒரே செடி ரெண்டு மூணு வழியும் சேத்து வெச்சிருக்கறது உண்டு.

ஆனா முழுசா பாதிப்பே இல்லன்னு சொல்லிட முடியாது. கொஞ்சம் கசியும், கசியறது சில நேரம் செடிக்கே ஒரு சேதியா பயன்படுது. அதைக் கீழ சொல்றேன், எனக்குப் புடிச்ச பகுதியே அதான்.

டீச்சரம்மா, மானாவாரி சோளம் மழையில்லாம வாடிக் கீது, மாட்டை அவுத்து விட்டுடலாமா?

வேணாம். சோளப் பயிர்ல டூரின்னு, சயனைடை சர்க்கரையோட கட்டி அடக்கி வெச்ச பொருள் ஒண்ணு இருக்கு, இலையோட மேல்தோல் செல்லுங்கள்ல வேக்குவோலுக்குள்ள தூங்கிட்டு இருக்கும். அதை உடைக்கிற என்சைம் உள்பக்கத்து பச்சை செல்லுங்களோட குளோரோபிளாஸ்ட்ல இருக்கு. மாடு மென்ன உடனே ரெண்டும் சேந்து ஹைட்ரஜன் சயனைடு வந்துடும், அசை போடுற மாட்டோட முதல் வயித்துல இருக்குற கிருமிங்களும் அந்த வேலையைப் பண்ணும், அதனால மாடு குதிரையை விட சீக்கிரமா மாட்டிக்கும். சயனைடு நேரா செல்லுக்கு சக்தி செய்யற மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், ஆக்சிஜனை எடுத்துக்குற சைட்டோகுரோம் ஆக்சிடேஸ்ன்ற கடைசிக் கண்ணியை அடைச்சிடுது. ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கும், செல்லுக்கு அதை எடுத்துக்க முடியாது. செத்துப்போன மாட்டோட ரத்தம் பளிச்சுன்னு செவப்பா இருக்கறதுக்குக் காரணம் இதான்.

இளம் பயிர்லயும், அறுத்த கட்டையில மறுதாம்பா துளிர்த்ததுலயும், தண்ணி இல்லாம நின்னுபோன பயிர்லயும் டூரின் ஜாஸ்தி. வாடின பயிர் ஒரு மழை பெஞ்சு திடீர்னு துளிர் விடும் பாருங்க, பச்சையைப் பாத்து எல்லாரும் அப்பத்தான் மாட்டை விடுவாங்க, அதுதான் ரொம்ப மோசமான நேரம். பூ வந்து முத்தின பயிர்ல கம்மி, அறுத்து நல்லா காய வெச்ச தட்டைல இன்னும் கம்மி, ஏன்னா காயும்போதே கொஞ்சம் கொஞ்சமா சயனைடு ஆவியாகிடுது. மாடு தின்னுட்டு மூச்சு வாங்கி தள்ளாடுச்சுன்னா கைவைத்தியம் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க, அதுக்கு ஊசி மருந்து இருக்கு, சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும். ஆனா நிமிஷக் கணக்குல போட்டாகணும்.

அதே சயனைடு சோளத்தோட மைட்டோகாண்ட்ரியாவை அடைக்காதா, சோளத்துக்கும் மைட்டோகாண்ட்ரியா இருக்கே மேடம்?

இந்தக் கேள்வி கேட்ட பையனுக்கு அன்னைக்கே ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். அடைக்கும். ஆனா செடிங்களோட மைட்டோகாண்ட்ரியாவுல ஆல்டர்னேட்டிவ் ஆக்சிடேஸ்னு இன்னொரு பாதை இருக்கு, சயனைடு அதை ஒண்ணும் பண்ண முடியாது. மெயின் ரோடு அடைச்சாலும் எலக்ட்ரான் இந்தப் பக்கமா போய் ஆக்சிஜன்கிட்ட சேந்துடும், ஏ.டி.பி.ன்ற செல்லோட சக்திப் பொருள் கம்மியா கிடைக்கும், மிச்ச சக்தி சூடா வெளிய போயிடும், அவ்வளவுதான்.

அதோட சயனைடைப் புடிச்சு கரைக்கிற என்சைமும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளயே இருக்கு, பீட்டா சயனோ அலனின் சிந்தேஸ்னு பேரு, அது சயனைடையும் சிஸ்டீன்ற அமினோ அமிலத்தையும் சேத்து வைக்கும், அப்பால இன்னொரு என்சைம் வந்து அதை அஸ்பராஜினா மாத்திடும். அஸ்பராஜின்னா செடிக்கு நைட்ரஜன் சாப்பாடு. சோளம் டூரினையே கூட தேவைப்படும்போது சயனைடு வராத மாதிரி பிரிச்சு நைட்ரஜனை திரும்ப எடுத்துக்கும், அப்போ அது விஷமா, சேமிப்பான்னு கேட்டா ரெண்டும்தான்.

டூரின் இல்லாத செடிக்கும் இந்த ஏற்பாடு எதுக்குன்னா, எத்திலீன் வாயு செய்யும்போது ஒவ்வொரு எத்திலீன் மூலக்கூறுக்கும் கூடவே ஒரு சயனைடு மூலக்கூறு வரும். வீட்ல வைக்கோல் போட்டு மாங்காய் பழுக்க வெக்கறோமே, அதுக்குள்ள இதான் நடக்குது. பயப்படாதீங்க, வந்த வேகத்துல கரைஞ்சிடுது, பழத்துல மிஞ்சறதில்ல.

கடுகு தாளிச்சா காரம் இல்ல, பச்சையா அரைச்சா மூக்கு வரைக்கும் ஏறுதே?

முழுக் கடுகுல சினிக்ரின்ற குளூக்கோசினோலேட் (சர்க்கரை கட்டின முந்தின நிலைப் பொருள்) ஒரு பக்கம், மைரோசினேஸ் என்சைம் ஒரு பக்கம். தண்ணி விட்டு அரைச்சா ரெண்டும் கலந்து அல்லைல் ஐசோதயோசயனேட் வரும், மூக்குல ஏறுறது அதான். கொதிக்கிற எண்ணெயில போட்டா என்சைம் வெந்து செத்துடும், அப்பால சினிக்ரின் இருந்தும் பிரயோஜனமில்ல.

இது அடுப்பங்கரைக் கதை. செல்லுக்குள்ள நடக்குறதுதான் சுவாரசியம். கடுகுக் குடும்பத்துல அரபிடாப்சிஸ்னு ஒரு சின்னச் செடி இருக்கு, உலகத்துல பாதி லேப்ல அதைத்தான் வளக்குறாங்க. அந்தச் செடி மேல இந்த ஐசோதயோசயனேட்டை லேசா காட்டினா இலைத்துளைங்க மூடிக்குது. துளையோட ரெண்டு பக்கமும் இருக்குற காப்பு செல்லுங்களுக்குள்ள ஆக்சிஜன் ரேடிக்கல், நைட்ரிக் ஆக்சைடு எல்லாம் ஏறி, தண்ணி வெளிய போய், செல் தளர்ந்து துளை மூடிடும். கடிபட்ட இலை தண்ணியையும் காப்பாத்திக்கும், துளை வழியா நோய்க்கிருமி நுழையறதையும் தடுக்கும். அளவு கூடிப் போனா கதை வேற, செல்லைக் காப்பாத்துற குளூட்டாதயோன் கையிருப்பு காலியாகும், மைக்ரோட்யூபுல்னு செல்லுக்குள்ள இருக்குற நுண் குழாய்ங்க கலைஞ்சு போகும், வளர்ச்சி நின்னுடும்.

இன்னொண்ணும் சொல்லணும். அதே குடும்பத்துல இண்டோல் வகை குளூக்கோசினோலேட் உடைஞ்சா இண்டோல்-3-கார்பினால் வரும். அது பாக்குறதுக்கு ஆக்சின்ற வளர்ச்சி ஹார்மோனுக்கு தூரத்து சொந்தம் மாதிரியே இருக்கும், ஆக்சின் போய் உக்கார்ற டி.ஐ.ஆர்.1 ரிசப்டர்ல இது போய் இடத்தைப் புடிச்சுக்குது, ஆக்சினோட உத்தரவு கேக்காம வேர் வளர்ச்சி நிக்குது. 2015ல வந்த ஆராய்ச்சி. 2017ல இன்னொரு குளூக்கோசினோலேட் டி.ஓ.ஆர். பாதையைத் தொட்டு வேரை நிறுத்துதுன்னு காட்டினாங்க. டி.ஓ.ஆர்.னா செல்லுக்குள்ள சாப்பாடு இருக்கா, வளரலாமான்னு முடிவு பண்ற இடம், செடி, ஈஸ்ட், மனுஷன் எல்லார்கிட்டயும் இருக்கு. அதாவது கடிபட்ட செடிக்கு யாரும் தனியா சேதி சொல்ல வேண்டியதில்ல, உடைஞ்ச விஷமே சேதி, ‘இப்போ வளராத, சமாளி’ன்னு.

பாடப்புத்தகத்துல இதுங்களை இரண்டாம் நிலை வளர்சிதைப் பொருள்னு ஒரு பத்தியில தள்ளி வெச்சிருக்காங்களே, எனக்கு அதுல பெரிய மனத்தாங்கல்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை நறுக்கின உடனே கறுத்துப் போகுது, ஏன்? தண்ணியில போட்டா ஏன் கறுக்கல?

நாத்தனார் கேள்வி. 2023ல புவிசார் குறியீடு வாங்கின காய்தான், ஆனா இந்த விஷயத்துல எல்லாக் கத்திரிக்காயும் ஒண்ணுதான். குளோரோஜெனிக் அமிலம்ன்ற பீனால் வகைப் பொருள் வேக்குவோல்ல, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் பிளாஸ்டிட்ல. கத்தி பட்டா ரெண்டும் சேந்து காத்துல இருக்குற ஆக்சிஜனையும் கூப்டுக்கிட்டு குயினோனா மாறும், அது பக்கத்துல இருக்குற புரதத்தை எல்லாம் புடிச்சு ஒட்டிக்கும், கறுப்பு நிறம் அதோட விளைவு. தின்ன வர்ற புழுவுக்கு அந்தப் புரதம் செரிக்காது. தண்ணியில போட்டா ஆக்சிஜன் கிடைக்கறது கம்மி. வாழைப்பூவை மோர்ல போடுறோமே, மோரோட புளிப்புல அந்த என்சைமே மந்தமாகிடும். நம்ம பாட்டிங்க பி.எச். பாக்காம பண்ண பயோகெமிஸ்ட்ரி.

அப்போ கத்திரிக்காய் கசப்பு?

அது வேற ஆளு, கிளைக்கோ அல்கலாய்டு. தக்காளிச் செடியில இதே வகையில டொமாட்டின் இருக்கு. இதுங்க செல் சவ்வுல இருக்குற ஸ்டீராலோட சேந்துக்கிட்டு சவ்வையே ஓட்டை போடும், பூஞ்சை செல் ஒழுகிச் சாகும். தக்காளி தன் சவ்வுல ஸ்டீராலுக்கு சர்க்கரைத் தொப்பி மாட்டி வெச்சிருக்கறதால டொமாட்டின் அதுகூட சேர முடியல. சொன்னேனே, பாகம் இருக்கும் ஆனா ஒட்டாதுன்னு, அது இதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுல தோல் பதனிடற டேனினும் செடியோட தற்காப்பு கெமிக்கல்தானாமே?

ஆமா. இப்போ பெரும்பாலும் குரோம்தான், ஆனா அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைத் தோலாக்குச்சு. ஆவாரஞ்செடி டேனின் செய்யறது செருப்புக்கு இல்லையே, பட்டையைக் கடிக்கிறவனோட எச்சில் புரதத்தையும் குடல் என்சைமையும் புடிச்சுக் கட்டிப் போடத்தான். அதே குணத்தை நாம தோல்ல இருக்குற கொலாஜன் புரதத்து மேல காட்டுறோம், புரதம் இறுகி அழுகாம நிக்குது.

இப்போ யோசிங்க, கையில பட்ட புரதத்தை எல்லாம் கட்டிப் போடுற ஒரு பொருளை, முழுக்க புரதத்தால ஓடுற ஒரு செல்லு எப்படி தனக்குள்ள செய்யும்? ரொம்ப நாளா இது புரியாமத்தான் இருந்துச்சு. 2013ல பிரான்ஸ்ல ஒரு குழு டேனோசோம்னு ஒண்ணைக் கண்டுபுடிச்சாங்க. குளோரோபிளாஸ்ட்டுக்குள்ள பச்சைய அடுக்குங்க உப்பி முத்து முத்தா பிரியுது, ஒவ்வொரு முத்துக்குள்ளயும் டேனின், அதுக்கு மேல சவ்வு. அந்த முத்துங்களை இன்னொரு சவ்வுல மூட்டை கட்டி சைட்டோபிளாசத்தைத் தாண்டி வேக்குவோல்ல கொண்டு போய் சேத்துடுது. வழியில எந்தப் புரதத்து மேலயும் டேனின் படாது. பார்சல் பிரிக்காம போய்ச் சேருது.

காயான வாழைக்காயைக் கடிச்சா நாக்கு இழுக்குதே, அது டேனின் உங்க எச்சில் புரதத்தைப் புடிக்கிற உணர்வு.

மேடம் லேப்ல மாவிலையில டி.என்.ஏ. எடுத்தா பழுப்புக் கலர்ல பிசின் மாதிரி வருதே?

மேல சொன்னதேதான். இலையை அரைச்ச உடனே எல்லா அறையும் உடைஞ்சு பீனால் எல்லாம் டி.என்.ஏ. மேலயும் புரதத்து மேலயும் ஏறி ஒட்டிக்குது. பஃபர்ல பி.வி.பி. போடுங்க, அது பீனாலைத் தன் மேல இழுத்துக்கும், மெர்காப்டோ எத்தனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். முத்தின இலையை எடுக்காதீங்க, கொழுந்து எடுங்க. இதை நான் வருஷா வருஷம் சொல்றேன், வருஷா வருஷம் முத்தின இலையோடதான் வர்றாங்க.

எருக்கஞ்செடியை ஆடு கூட தொடறதில்ல, அதுக்குள்ள அது எப்படி நல்லா இருக்கு?

எருக்கம்பால்ல இருக்குற கார்டினோலைடு நம்ம இதயத்து செல்லுல இருக்குற சோடியம் பொட்டாசியம் பம்பை அடைக்கும். செடியில அந்தப் பம்பே கிடையாது, செடி செல் புரோட்டான் பம்ப் வெச்சு ஓட்டுது. அடைக்க ஒண்ணுமில்லாத வீட்ல அது சும்மா கிடக்கும். அரளியும் இப்படித்தான். பாலாத்தங்கரை எருக்குல ஆரஞ்சு கலர்ல வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டை வெக்குமே, அதோட புழு அந்த இலையைத் தின்னு விஷத்தை உடம்புல சேத்து வெச்சுக்கும், அந்தப் பூச்சிக் கூட்டத்துல பம்போட வடிவமே மாறியிருக்கு. பறவைங்க ஒரு தரம் தின்னுட்டு மறு தரம் தொடாது.

பீடிக்கு வர்ற புகையிலையும் இதே வழிதான். நிகோடின் வேர்ல செஞ்சு மேல அனுப்பி இலை வேக்குவோல்ல அடைக்குது, நிகோடின் தாக்குறது நரம்பை, செடிக்கு நரம்பு இல்ல.

நித்தியகல்யாணியில இருந்து கேன்சர் மருந்து எடுக்கறாங்களே, அந்த மருந்து செல் பிரியறதை நிறுத்தும்னு சொல்றாங்க, அப்போ அந்தச் செடி எப்படி வளருது?

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்னு வந்து தங்கியிருக்குற குடும்பங்களுக்கு வின்கிறிஸ்டின்ற பேரு தெரியும். வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும், மைக்ரோட்யூபுலைக் கட்டுற ட்யூபுலின்ற புரதத்து மேல ஒட்டி, குரோமோசோமை இழுக்குற நூலைக் கலைச்சுடும், செல் ரெண்டா பிரிய முடியாது.

நித்தியகல்யாணி இதை எப்படி சமாளிக்குதுன்னா, வின்பிளாஸ்டினுக்கு ரெண்டு பாதி உண்டு, கேதரான்தின், விண்டோலின். கேதரான்தினை இலையோட மேல்தோல் செல்லுல செஞ்சு வெளிய மெழுகுக்குத் தள்ளிடுது, விண்டோலின் இலைக்கு உள்ள. ரெண்டு பாதியும் சந்திக்கறதே அபூர்வம். ஒரு சிட்டிகை மருந்துக்கு மூட்டை மூட்டையா இலை வேண்டியிருக்குறதுக்கு இதான் காரணம்.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. இந்த அல்கலாய்டு எல்லாத்துக்கும் தாய் ஸ்ட்ரிக்டோசிடின், அது வேக்குவோல்ல. அதை உடைக்கிற என்சைம் எங்க தெரியுமா, நியூக்ளியஸ்ல! செல்லோட மூளைன்னு சொல்லித் தர்ற இடத்துல. செல் கிழிஞ்சா ஸ்ட்ரிக்டோசிடின் நியூக்ளியஸ்ல இருந்து வர்ற என்சைமோட கலந்து, புரதத்தை எல்லாம் குறுக்கும் நெடுக்குமா ஒட்ட வெக்கிற பொருளா மாறுது. கண்டுபுடிச்சவங்க இதுக்கு நியூக்ளியர் டைம் பாம்னே பேர் வெச்சிட்டாங்க.

வடிவம் மாத்தின கதைக்கு காம்ப்டோதெசின் நல்ல உதாரணம். அதுவும் கேன்சர் மருந்துக்கு மூலம், டி.என்.ஏ. முறுக்கை அவுக்குற டோபோஐசோமரேஸ் 1 என்சைமைப் புடிச்சு நிறுத்தும். அதைச் செய்யற ஓஃபியோரைசா செடி தன் என்சைம்ல ஒரு முக்கியமான அமினோ அமிலத்தை மாத்தி வெச்சிருக்கு, காம்ப்டோதெசின் வழுக்கிடும். ஒரு மில்லியன் வருஷத்துக்கு எவ்ளோ பொறுமை இருந்தா இது நடக்கும்னு நினைச்சா தலை சுத்துது.

செங்காந்தள்ல இருக்குற கால்ச்சிசினை ஏன் செடிக்கே மருந்தா போடுறாங்க?

செடியோட ட்யூபுலின் மேல கால்ச்சிசின் மிருகங்களோட ட்யூபுலின் மேல மாதிரி இறுக்கமா ஒட்டாது, ஆனா அளவைக் கூட்டினா ஒட்டும். அப்போ குரோமோசோம் ரெட்டிப்பாகும், செல் பிரியாது, ரெட்டை மடங்கு குரோமோசோமோட செடி வரும். பயிர் இனவிருத்திக்காரங்க அதைத்தான் பயன்படுத்துறாங்க. செங்காந்தளோட கிழங்கை, அதான் கண்வலிக்கிழங்கை, மட்டும் யாரும் வாயில வெச்சுடாதீங்க, கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து.

இயற்கையா வர்ற கெமிக்கல்தானே, அது எப்படி ஆபத்தாகும்?

ஆமணக்கு விதையில இருக்குற ரிசின் இயற்கைதான். ஒரு ரிசின் மூலக்கூறு நம்ம செல்லுக்குள்ள போனா புரதம் செய்யற ரைபோசோமை ஒண்ணு ஒண்ணா கெடுத்துக்கிட்டே போகும். ஆமணக்கு அதை முழுசாகாத நிலையில செஞ்சு, வேக்குவோல்ல போட்ட அப்பாலதான் வெட்டி உயிர் குடுக்குது, அதோட செடி ரைபோசோமுக்கு அது மேல பயமும் ரொம்பக் கம்மி.

தைல மரத்துக்கு அடியில ஒண்ணும் முளைக்கறதில்லையே, அதுவும் இந்த கெமிக்கல்தானா?

பாதி. யூகலிப்டஸ் இலையில சினியோல்னு ஒரு எண்ணெய், மரம் அதை மூடின எண்ணெய்ப் பையில வெச்சிருக்கு. கடுகுக் குடும்பத்து நாத்தை சினியோல் ஆவியில வெச்சா வேர் நுனியில டி.என்.ஏ. புதுசா செய்யறது குறையும், செல் பிரியறது குறையும், இது லேப்ல பாத்தது. ஆனா தோப்புல நிழல் இருக்கு, அடியில சருகு மெத்தை இருக்கு, மரம் தண்ணியை உறிஞ்சுறது இருக்கு, மானாவாரி செம்மண்ல அது சின்ன விஷயமில்ல. எது எவ்ளோன்னு பிரிக்கிறது கஷ்டம். முளைக்காத இடத்துக்கெல்லாம் அல்லலோபதின்னு (ஒரு செடி கெமிக்கலால இன்னொண்ணை அடக்குறது) ஒரு பேரை வெச்சுட்டுப் போறது எனக்குப் புடிக்காது. சீமைக் கருவேலத்துக்கும் இதே பதில்தான்.

சோளம் அறுத்த நிலத்துல அடுத்த பயிர் சவலையா வருது, ஏன்?

ரெண்டு காரணம். ஒண்ணு, சோளக்கட்டை மண்ணுல மக்கும்போது கிருமிங்க மண்ணுல இருக்குற நைட்ரஜனை எடுத்துக்கும், பயிருக்குப் பத்தாது. இன்னொண்ணு சோர்கோலியோன். சோளத்தோட வேர்த்தூவி முனையில எண்ணெய்த் துளி மாதிரி இது வெளிய வரும். பக்கத்துல முளைக்கிற சின்ன நாத்துக்குள்ள போச்சுன்னா குளோரோபிளாஸ்ட்ல ஃபோட்டோசிஸ்டம் 2ன்ற இடத்துல டி1 புரதத்து மேல உக்காந்து எலக்ட்ரான் ஓட்டத்தை நிறுத்திடும். கடையில விக்கிற அட்ரசின் களைக்கொல்லி உக்கார்ற அதே இடம். சோளம் அதை வேருக்கு வெளிய விட்டுடறதால அதோட இலையில இருக்குற குளோரோபிளாஸ்ட்டுக்கு அது போறதில்ல. உழுது கொஞ்ச நாள் ஆறப் போட்டு, அடுத்த போகத்துக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) மாதிரி பயறுக் குடும்பத்தைப் போடுங்க, நைட்ரஜன் பிரச்சனையாவது குறையும்.

செடி கெமிக்கலைப் பாத்து களைக்கொல்லி செஞ்சிருக்காங்களா?

செஞ்சிருக்காங்க. நம்ம ஊர் ஆபீஸ் வாசல்ல எல்லாம் செவப்பா பாட்டில் பிரஷ் மரம் வெச்சிருப்பாங்க இல்ல, 1977ல கலிஃபோர்னியாவுல ஒரு கம்பெனி விஞ்ஞானி அந்த மரத்துக்கு அடியில களை கம்மியா இருக்கறதைப் பாத்தாரு. லெப்டோஸ்பெர்மோன்னு ஒரு பொருள் கிடைச்சுது, அது எச்.பி.பி.டி.ன்ற என்சைமை நிறுத்தும், அப்பால செடியில கரோட்டினாய்டு உருவாகாது, பச்சையம் வெயில்ல கருகி இலை வெள்ளையாகும். அதை மாத்தி மாத்தி செஞ்சு பாத்துதான் மீசோட்ரையோன்னு மக்காச்சோளத்துக்கு மருந்து வந்துச்சு.

மல்லாட்டையில பூசணம் புடிக்குது, செடிக்கு எதிர்ப்பு கெமிக்கல் இல்லையா?

இருக்கு, ரெஸ்வெரட்ராலும் அதோட சொந்தக்காரங்களும். ஆனா இது சேத்து வெக்கிற வகை இல்ல, பூஞ்சை தொட்ட அப்பால ஜீன் ஓடி, ஸ்டில்பீன் சிந்தேஸ் என்சைம் உருவாகி, புதுசா செய்யற வகை. அதுக்கு செல்லுல ஈரம் வேணும், உயிர் வேணும். காய் முத்துற கடைசி வாரங்கள்ல மழை தப்பி மண்ணு சூடாச்சுன்னா பருப்புல ஈரம் குறைஞ்சு எதிர்ப்பு கெமிக்கல் செய்யற சக்தி போயிடும், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையை அந்த வறட்சி ஒண்ணும் பண்ணாது. அந்தப் பூஞ்சை செய்யற அஃப்ளாடாக்சின்ற விஷம் வர்றது இந்த இடைவெளியிலதான். கடைசித் தண்ணியை நிறுத்தாதீங்க, புடுங்கின காயை சீக்கிரமா நல்லா காய வைங்க, சுருங்கின பருப்பையும் கசக்குற பருப்பையும் வாயில போட்டா துப்பிடுங்க, எண்ணெய்க்கும் போடாதீங்க.

ஆஸ்பிரின் கரைச்சு தெளிச்சா செடிக்கு எதிர்ப்பு சக்தி வருமாமே?

வாட்ஸப்ல சுத்துறது. பின்னாடி உண்மை இருக்கு: செடி செல்லுக்குள்ள சாலிசிலிக் அமிலம் ஏறினா என்.பி.ஆர்.1ன்ற புரதம் நியூக்ளியஸுக்குள்ள போய் எதிர்ப்பு ஜீன்களை எழுப்பும். ஆனா கடிக்கிற புழுவுக்கு எதிரா எழும்பறது ஜாஸ்மோனிக் அமிலம், அது வந்தா ஜாஸ்னு ஒரு தடுப்புப் புரதம் அழிஞ்சு வேற ஜீன்கள் முழிச்சுக்கும். இந்த ரெண்டும் பல செடியில ஒண்ணை ஒண்ணு அமுக்கும். பூஞ்சைக்குன்னு நீங்க சாலிசிலிக்கைத் தூண்டி விட்டா புழுவுக்குக் கதவு திறந்த மாதிரி ஆகலாம். அளவு கூடினா மைட்டோகாண்ட்ரியாவும் தடுமாறும், இலை ஓரம் கருகும். வளர்ச்சியும் குறையும், எதிர்ப்பு சும்மா வர்றதில்ல. மாத்திரையை தலைவலிக்கு வெச்சுக்குங்க.

வேப்பெண்ணெய் அடிச்சு இலை கருகிடுச்சு?

மதியம் அடிச்சிருப்பீங்க. சாயங்காலம் அடிங்க, சோப்பு சேத்து நல்லா கலக்குங்க. அசாடிராக்டின் பூச்சியோட தோலுரிக்கிற ஹார்மோனைக் குழப்புது, இலையைக் கருக்கினது எண்ணெய் படலமும் வெயிலும். வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் 5 சதம், அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ, இலைக்கு சாது.

இதை எல்லாம் ஸ்கூல் புராஜெக்ட்டா செஞ்சு காட்ட முடியுமா?

தாராளமா. பார்த்தீனியம் இலை எடுங்க, கையுறை போட்டுக்கோங்க, அதுல இருக்குற பார்த்தெனின் தோல்ல அரிப்பைக் கிளப்பும். நிழல்ல காய வெச்சு தண்ணியில ராத்திரி ஊற வெச்சு வடிகட்டி, பாதி, கால்வாசின்னு தண்ணி கலந்து மூணு நாலு அளவு வெச்சுக்கோங்க. தட்டுல ஃபில்டர் பேப்பர் போட்டு முள்ளங்கி விதையோ கடுகோ வெச்சு ஊத்துங்க. முளைச்ச எண்ணிக்கையை மட்டும் பாக்காம வேர் நீளத்தை அளங்க, பெரும்பாலும் முதல்ல அடி வாங்கறது வேர்தான். வெறும் தண்ணி ஊத்தின தட்டு ஒண்ணு கட்டாயம். அதோட இன்னொரு தட்டும் வைங்க: கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி. இலைச் சாறு கெட்டியா இருந்தாலே விதை தண்ணி உறிஞ்ச கஷ்டப்படும், அதை விஷம்னு நினைச்சுடக் கூடாது. சாறோட பி.எச்.சையும் பாத்து எழுதி வைங்க, ஜட்ஜா வர்றவங்க முதல்ல கேக்குறது அதைத்தான்.